தென்பெண்ணைக்கு மலிவுச் சென்சார் போதும். வாரம் ஒரு முறை போய்த் துடைக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழியும் படம் மழைக்காலம்தோறும் நாளிதழ்களில் வருகிறது. பார்த்தவர்கள் பதறுகிறார்கள். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். நுரை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிடுகிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பேசுகிறோம். இரவு இரண்டு மணிக்குத் திறந்துவிட்டு நான்கு மணிக்கு மூடிவிடும் கழிவு நுரைக்க வேண்டும் என்பதில்லை. விடிந்து ஆற்றங்கரைக்கு வருகிறவருக்கு அதன் தடயமே இருக்காது. மாதம் ஒரு முறை பகலில் எடுக்கும் மாதிரியில் அது சிக்கினால் அதிர்ஷ்டம்தான்.

இந்த ஓட்டையை அடைக்க மலிவான சென்சார்களால் முடியும். பொறியியல் மாணவர்கள் பலர் திட்டப்பணியாகவே இதைச் செய்கிறார்கள். ஆனால் கண்காட்சி மேசையில் குழாய்த் தண்ணீரில் ஒழுங்காக ஓடும் கருவி, ஆற்றில் இறக்கிய பத்தாம் நாள் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. அது ஏன், எப்படித் தடுப்பது என்பதை நீர்த்தரக் கருவிகளைச் செய்து பராமரிக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். பொறுத்துப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

முதலில் எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெப்பநிலை, மின்கடத்துதிறன் (தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது), பிஹெச் (அமில, கார அளவு), கலங்கல், கரைந்த ஆக்சிஜன் ஆகிய ஐந்தையும் தண்ணீரிலேயே விட்டுவைத்து அளக்கலாம். ஈயம், காட்மியம், பூச்சிமருந்து, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) ஆகியவற்றை மலிவான சென்சாரால் அளக்க முடியாது. பிஓடி என்பதே மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்து பார்க்கும் சோதனை; அதை ஒரு நொடியில் காட்டுகிறேன் என்று விற்கப்படும் கருவி வேறு எதையோ அளந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆற்றில் போடும் மலிவுச் சென்சாரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: எந்த நேரத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும்? அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லட்டும்.

தருமபுரி மக்களுக்காக இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்ஓ இயந்திரம் விற்க வருகிறவர் டிடிஎஸ் பேனாவை போர் தண்ணீரில் முக்கிக் காட்டி, “எண் குறைவாக இருக்கிறது, நல்ல தண்ணீர்” என்றால் நம்ப வேண்டாம். அந்தப் பேனா மொத்த உப்பைத்தான் காட்டும், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளூரைடைத் தனியாகக் காட்டாது. குடிநீரில் புளூரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மொத்த உப்பு 400 மில்லிகிராமே உள்ள தண்ணீரிலும் புளூரைடு 3 மில்லிகிராம் இருக்க முடியும். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே வழி.

ஆற்றுக்கு வருவோம். ஐந்தில் முதலிடம் மின்கடத்துதிறனுக்குத்தான். சாக்கடை, சாயம், அமிலம், உலோகப் பூச்சுக் கழிவு என்று எது கலந்தாலும் உப்பு கூடும், உப்பு கூடினால் மின்கடத்துதிறன் கூடும். எது கலந்தது என்று சொல்லாது. கலந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்லும். செய்வதும் எளிது. துருப்பிடிக்காத 316 எஃகுத் தண்டுகள் இரண்டை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி எபாக்சிப் பசையில் பதித்தால், தண்ணீரில் இறக்கும் புரோப் தயார். ஒரு கிலோ ஓம் மின்தடையைத் தொடரில் போட்டு, இடையில் உள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நேர்மின்சாரம் கொடுத்தால் தண்டின் மேல் குமிழி கட்டி, சில நிமிடங்களில் அளவு சரிந்துகொண்டே போகும். ஒரு திசையில் சில மில்லி விநாடி, எதிர்த்திசையில் அதே சில மில்லி விநாடி என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, அளந்ததும் நிறுத்திவிட வேண்டும். இஎஸ்பி32 என்ற குறுங்கணினி போர்டு சுமார் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வேலைக்கு அது போதும். ஆனால் மின்னழுத்தத்தை அளக்கும் அதன் சொந்த அனலாக் உள்ளீடு இரு கோடிகளிலும் நேர்கோடாக இருக்காது. வைஃபை ஓடும்போது உள்ளீடுகளில் பாதி வேலையும் செய்யாது. ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் சில்லைத் தனியாகப் போடுங்கள். அந்தச் சில நூறு ரூபாயில் கஞ்சத்தனம் பார்த்தால் பின்னால் வரும் எண் எதையும் நம்ப முடியாது.

அளவு திருத்தும் கரைசலை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்துகொள்ளலாம். பொட்டாசியம் குளோரைடை 105 டிகிரியில் உலர்த்தி, 0.7456 கிராம் நிறுத்து, வாலை வடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். புரோப் எவ்வளவு காட்டுகிறதோ அதை வைத்து அந்த புரோப்பின் மாறிலியைக் கணக்கிட்டு நிரலில் எழுதிவிடலாம். கடையில் கேன் தண்ணீர் வாங்கி இதைச் செய்யக் கூடாது. அதிலேயே உப்பு இருக்கிறது.

பலர் கோட்டைவிடும் இடம் வெப்பநிலை. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மின்கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும். ஓசூர்ப் பக்கம் விடியற்காலையில் 20 டிகிரியாக இருக்கும் ஆற்று நீர் மதியம் 28 ஆனால், ஒரு சொட்டுக் கழிவும் கலக்காமலே அளவு 16 சதவீதத்துக்கு மேல் ஏறும். திருத்தாமல் வரைபடம் போட்டால் தினமும் மதியம் யாரோ உப்பைக் கொட்டுவது போலவே இருக்கும். டிஎஸ்18பி20 என்ற நீர் புகாத வெப்பமானியை, 4.7 கிலோ ஓம் மின்தடையோடு, மின்கடத்து புரோப்பின் பக்கத்திலேயே கட்டுங்கள். 25 டிகிரிக்கு எத்தனை டிகிரி கூடுதலோ அதை 0.02ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வந்த எண்ணால் அளவை வகுத்தால் 25 டிகிரிக்குரிய மதிப்பு கிடைக்கும். அந்த மதிப்பையே பதிவு செய்யுங்கள். டிடிஎஸ் ஆக மாற்ற வேண்டாம்: ஒரு கருவி 0.5ஆல் பெருக்கும், இன்னொன்று 0.7ஆல் பெருக்கும், 1000 மைக்ரோசீமன்ஸ் தண்ணீரை ஒருவர் 500 என்பார், மற்றவர் 700 என்பார், இருவரும் சண்டை போடுவார்கள். பாசனத்துக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பும் மின்கடத்துதிறனில்தான் இருக்கிறது: 2250 மைக்ரோசீமன்ஸ். கெலவரப்பள்ளிக் கால்வாய்த் தண்ணீரில் பயிர் வைப்பவருக்கு உடனே பயன்படும் எண் அது.

பிஹெச் புரோப் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் ஐந்தில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். அதன் கண்ணாடிக் குமிழ் ஒரு பிஹெச் அலகுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் தர வேண்டும். பிஹெச் 7இல் பூஜ்ஜியம். குமிழில் மயிரிழை விரிசல் விட்டாலோ, கேபிள் இணைப்பில் ஈரம் ஏறினாலோ மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வந்து, எந்தத் தண்ணீரில் வைத்தாலும் 7 என்று காட்டும். ஆறு அமைதியாக 7இலேயே நிற்கிறது என்று மகிழ்ந்துவிடாமல், அப்படி ஒரு நாள் முழுக்க நின்றால் புரோப்பைக் கழற்றி, பிஹெச் 4.01 என்று நிலையாக நிற்கும் பஃபர் கரைசலில் வைத்துப் பாருங்கள். திருத்தத்துக்கு 6.86, 9.18 பஃபர் பொடிகள் போதும். நம் ஆற்று நீர் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். ஓர் அலகுக்கு 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் புரோப்பின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிட வேண்டும். சும்மா இருக்கும் நாட்களில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். வாலை வடிநீரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் உப்பு வெளியேறி புரோப் வீணாகிவிடும்.

இனி, கல்லூரித் திட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு. பிஹெச் தனியாகச் சரியாகக் காட்டும், மின்கடத்துதிறன் தனியாகச் சரியாகக் காட்டும், இரண்டையும் ஒரே வாளியில் இறக்கியதும் பிஹெச் தாறுமாறாகத் துள்ளும். காரணம், மின்கடத்து புரோப் தண்ணீருக்குள் விடும் மின்சாரம் பொதுவான தரைக்கம்பி வழியாக பிஹெச் புரோப்பைக் குழப்புகிறது. நிரலில் சராசரி எடுத்து இதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள், சரியாகாது. பிஹெச் அளக்கும்போது மின்கடத்து புரோப்பின் இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும் சிறிய ரிலே ஒன்று போட்டு, சில விநாடி பொறுத்து அளந்தால் தீர்ந்தது. ஒரு கம்பியை மட்டும் துண்டித்தால் மற்றது வழியாக அதே தொல்லை தொடரும்.

கலங்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். சலவை இயந்திரத்துக்கென்று செய்த கலங்கல் சென்சார் சேற்று நீருக்குச் சரி, தெளிந்த நீருக்கு உதவாது. 860 நானோமீட்டர் ஐஆர் எல்இடியும் அதற்கு 90 டிகிரியில் ஒரு போட்டோ டயோடும் வைத்துச் செய்வது மேல். எல்இடி அணைந்திருக்கும்போது ஒரு தடவை, எரியும்போது ஒரு தடவை அளந்து கழித்தால் வெயிலின் பங்கு போய்விடும். நுரைக்குமிழியும் கலங்கலாகவே தெரியும் என்பதால் மதகுக்கு நேர் கீழே இதை வைக்கவே கூடாது. திருத்தக் கரைசலை விலைக்கு வாங்குங்கள். பள்ளியில் தயாரிக்க முயல வேண்டாம், அதில் சேரும் ஹைட்ரசின் நச்சு.

கலங்கலையும் மின்கடத்துதிறனையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அவற்றின் பலன் தெரியும். மழை பெய்தால் மண் கரைந்து கலங்கல் ஏறும், மழைநீர் கலந்து மின்கடத்துதிறன் இறங்கும். மழையில்லாத இரவில் கலங்கல் அசையாமல் மின்கடத்துதிறன் மட்டும் ஏறினால் அது மழையின் வேலை இல்லை.

கரைந்த ஆக்சிஜன் புரோப் மட்டும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத விலை. சென்சார் பெட்டி வைக்கும் இடந்தோறும் ஒன்று வாங்க முடியாவிட்டால், எல்லா இடத்துக்கும் ஒன்றையே எடுத்துச் சென்று அளக்கலாம். மலிவு வகையான கால்வானிக் புரோப்பில் சவ்வும் அதனுள் காரக் கரைசலும் உண்டு. அது ஆக்சிஜனைத் தின்றுகொண்டே அளப்பதால், நின்ற நீரில் வைத்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஓடும் நீர் வேண்டும், அல்லது கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாக்கடை நாற்றம் அடிக்கும் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு சவ்வைக் கடந்து உள்ளே போய் வெள்ளி முனையைக் கறுக்கச் செய்யும், அதற்குப் பிறகும் அளவு குறைந்தே வரும்.

இதன் திருத்தத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஈரப் பஞ்சு வைத்த பாட்டிலுக்குள், தண்ணீரில் படாமல் புரோப்பைத் தொங்கவிட்டு, 25 டிகிரியில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் என்று அமைக்கச் சொல்கின்றன கையேடுகள். அது கடல்மட்டத்துக்கான எண். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே அமைக்க வேண்டிய எண் சுமார் 7.4. கையேட்டை அப்படியே பின்பற்றினால் ஓசூரில் அளக்கும் ஒவ்வோர் அளவும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக, அதாவது ஆறு உள்ளதைவிட நல்லபடியாக இருப்பதாகக் காட்டும்.

அளக்கும் நேரமும் முக்கியம். கிருஷ்ணகிரி அணை போலத் தேங்கி நிற்கும் இடத்தில் தண்ணீர் பச்சையாக மாறும்போது, பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிட்டு, கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். பிற்பகலில் ஆக்சிஜன் 10 மில்லிகிராமைத் தாண்டலாம், பிஹெச் 9ஐயும் தாண்டலாம். அதைப் பார்த்துத் தண்ணீர் சுத்தம் என்றோ, யாரோ காரம் கலந்தார்கள் என்றோ சொல்லக் கூடாது. அதே பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுக்கும். மீன் சாவது விடியலுக்குச் சற்று முன். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அதை விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்து பார்த்தால்தான் அணையின் உண்மையான நிலை தெரியும்.

தண்ணீரில் விட்டுவைக்காமல், பாட்டில் பிடித்துக் கரையில் வைத்தே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. எலக்ட்ரோபிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறைகள் உள்ள எந்த ஊருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவம் கவலைதான். டைபீனைல்கார்பசைடை அசிட்டோனில் கரைத்து, அமிலமாக்கிய மாதிரியில் விட்டால் குரோமியம் இருக்கும்பட்சத்தில் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் செந்நீல நிறம் வரும். கறுப்புப் பிவிசி பெட்டிக்குள் பச்சை எல்இடி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் கண்ணாடிக் குப்பி, எதிரே போட்டோ டயோடு. 540 நானோமீட்டரை ஒட்டிய அந்தப் பச்சை எவ்வளவு மங்குகிறது என்று அளந்தால், குடிநீர் வரம்பான 0.05 மில்லிகிராம் அளவையும் பிடிக்கலாம். ஆற்று நீர் ஏற்கெனவே கலங்கலாக இருப்பதால், வடிகட்டிவிட்டு, கரைசல் சேர்க்கும் முன் ஒரு தடவை அளந்து அதைக் கழிக்க வேண்டும். பழுப்பாக மாறிய கரைசலைக் கொட்டிவிட வேண்டும், அதில் நிறம் சரியாக வராது. கந்தக அமிலம் கையாள்வதால் இது கல்லூரி ஆய்வகத்தாருக்கு மட்டும். இன்னொன்று: வீட்டுக் குடிநீரில் கிருமி உண்டா என்று பார்க்கத் தரப்படும் எச்2எஸ் பாட்டில் சோதனையை ஆற்றில் செய்து பார்த்துக் கறுத்துவிட்டது என்று அதிர வேண்டாம். திறந்து கிடக்கும் எந்த ஆற்று நீரிலும் அது கறுக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கடைசியில் கருவியைக் கெடுப்பது பாசிதான். சாக்கடை கலந்த வெதுவெதுப்பான நீரில் மூன்று நான்கு நாளிலேயே புரோப்பில் வழுவழுப்பான படலம் கட்டும். விரலால் தொட்டால் கஞ்சி ஆறிய ஏடு போல நழுவும். மின்கடத்துதிறன் மெல்ல இறங்கும், ஆக்சிஜன் இறங்கும், கலங்கல் ஏறும். எல்லாம் மெதுவாக நடப்பதால் வரைபடத்தில் உண்மை போலவே இருக்கும். இதற்கு மாற்று, வாரம் ஒரு முறை ஒருவர் ஆற்றில் இறங்குவது. மிருதுவான பல்துலக்கியால் தேய்த்து, பிஹெச் குமிழை மட்டும் தேய்க்காமல் சோப்பு நீரில் அலசி, துடைப்பதற்கு முன் எவ்வளவு காட்டியது, துடைத்த பின் எவ்வளவு காட்டியது என்று இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அந்த வாரம் முழுவதும் கருவி எவ்வளவு நகர்ந்தது என்பதற்குக் கணக்கு. அது இல்லாத பதிவை யாரிடமும் காட்டி வாதாட முடியாது.

புரோப்களைத் துளையிட்ட நான்கு அங்குலப் பிவிசி குழாய்க்குள் இறக்கி, மேற்பரப்புக்கு ஓரடி கீழே இருக்கும்படி பாலத் தூணிலோ தடுப்பணைச் சுவரிலோ எஃகுப் பட்டையால் இறுக்குங்கள். கயிறும் கேபிள் டையும் முதல் வெள்ளத்திலேயே போய்விடும். ஆகாயத்தாமரை ஒரு சுமை வந்து சாய்ந்தாலே அறுந்துவிடும். துளைகளைச் செம்பு வலையால் மூடினால் பாசி கட்டுவது கொஞ்சம் தாமதமாகும். 4ஜி மாட்யூல் செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி வயர் மெலிதாக இருந்தால் அந்த நொடியில் போர்டு அணைந்து மறுபடி எழும், அன்றைய பதிவு போகும். மாட்யூலின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, பதிவை முதலில் மெமரி கார்டில் எழுதிவிட்டுப் பிறகு அனுப்புங்கள். நீர்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் கட்ட வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. அணைக்குள் வைப்பது வீண். அவ்வளவு தண்ணீரில் இரண்டு மணி நேரக் கழிவு கரைந்து மறைந்துவிடும். ஆறு தமிழகத்துக்குள் நுழையும் கொடியாளத்தில் ஒன்று, கெலவரப்பள்ளி மதகிலிருந்து நுரை அடங்கும் தூரம் தள்ளி ஒன்று, ஓசூரைக் கடந்து பேரண்டப்பள்ளிப் பக்கம் ஒன்று. பெங்களூருவிலிருந்து என்ன வருகிறது என்பதை முதல் பெட்டி சொல்லும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம், வழியில் நாம் எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைச் சொல்லும். ஆற்றின் மேல்பக்கம் இருப்பவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு பேச வேண்டுமானால் நம் பங்கையும் அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த மூன்றாவது பெட்டியைத் தவிர்த்துவிட்டுத் திட்டம் போட்டால் அது அரைக் கணக்கு.

எச்சரிக்கை மணியை முதல் நாளே இயக்கக் கூடாது. இரண்டு மாதம் சும்மா அளந்து, சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு, மின்கடத்துதிறனைப் பத்து நிமிடத்துக்கு ஓர் அளவாக எடுத்து, அது கடந்த ஏழு நாளின் அதே நேரத்து நடு மதிப்பைவிட 25 சதவீதம் மேலே தொடர்ந்து மூன்று முறை வந்தால் 12 வோல்ட் பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை அழுத்தி நீர் இழுக்கும் சிறு பம்ப்) தானாக ஓடி மூன்று பாட்டில்களை நிரப்பும்படி வைக்கலாம். உலோகத்துக்கான பாட்டிலில் முன்கூட்டியே நைட்ரிக் அமிலம், அமோனியாவுக்கும் சிஓடிக்கும் (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) உரியதில் கந்தக அமிலம், இரண்டிலும் நிரம்பிய பின் பிஹெச் 2க்குக் கீழே இருக்கும் அளவுக்கு. பிஓடி பாட்டிலில் எதுவும் சேர்க்கக் கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

இப்படிப் பிடித்த பாட்டில் தகவல்தான், வழக்குக்கான சான்று ஆகாது. 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, வாரிய அதிகாரி ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு அனுப்பியதே கழிவு தொடர்பான வழக்கில் நிற்கும். ஆகவே மணி அடித்ததும் குறுஞ்செய்தி போக வேண்டிய முதல் எண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துடையது. இரவு இரண்டு மணிக்கு அந்தச் செய்தியைப் பார்த்துக் கிளம்ப ஓர் அதிகாரியை முறை வைத்து நியமிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாகச் செலவு. திட்ட மதிப்பீடு போடுகிறவர்கள் பெட்டி வாங்கும் தொகையோடு நிறுத்திவிடுகிறார்கள். பெட்டிக்கு ஆகும் அளவுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் ஒதுக்க வேண்டும்: பஃபர் பொடி, புதிய பிஹெச் புரோப், ஆக்சிஜன் சவ்வு, சிம் கட்டணம், வாரம் ஒரு நாள் மூன்று இடத்துக்கும் போய்வரும் ஒருவரின் சம்பளமும் பெட்ரோலும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தரப்படுகிறது. கொடியாளத்திலும் பேரண்டப்பள்ளியிலும் அவர்களில் இருவருக்கு மேலும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, இந்தச் சம்பளத்தை அவர்களுக்கே கொடுக்கலாம். ஆறு அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. குழாய் அடைத்தாலும் பெட்டியை யாராவது கழற்றினாலும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

இப்படிக்கு,
நீர்த்தரக் கருவிகள் செய்து பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
கிருஷ்ணகிரி.